நார்மன் மாப்பிள்ளையும் ஊரில் இல்லாத தாய்மாமனும்

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு என்னை வழியனுப்ப வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் போகிற நாடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. மீதிப் பேர் அது லண்டனுக்குள் ஒரு பேட்டை என்று நினைத்திருந்தார்கள். "லண்டன்ல அயர்லாந்து எந்தப் பக்கம் மாப்ளே?" என்று மச்சான் கேட்டார். "மேற்கால" என்றேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

செராமிக் பேட்டையில் பொம்மைகளும் ஃப்யூஸ் கட்டைகளும் சுடுகிற ஒரு கம்பெனியில் நான் சூளை சூப்பர்வைசர். எண்ணெயில் எரியும் புதுவகைச் சூளையைப் பழகிக்கொண்டு வர ஒரு ஆளை அயர்லாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூத்தவர்கள் குளிருக்குப் பயந்தார்கள். இளையவர்கள் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று மேலிடம் பயந்தது. நடுவில் நின்றவன் நான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. விமானம் ஏறப்போகிறவனுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து, பேண்டு வாத்தியம் மட்டும் வைக்காமல் அனுப்பிய காலம்.

மச்சான் என்றது என் அக்காவின் கணவர் சாமிக்கண்ணுவை. நல்லூர்ப் பக்கம் விவசாயம். அவருடைய ரோட்டோரத்து நிலத்தில் ஒரு கிணறு இருக்கிறது. நிலமும் கிணறும் அவருக்கும் அவருடைய பங்காளி தங்கராசுவுக்கும் பொது. யார் எந்த நாள் தண்ணீர் இறைப்பது என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்கிற அளவுக்கு வளர்ந்து நின்றது. பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது.

வேப்பூரில் ஹைவே ஓரமாக ஹோட்டலும் வரிசையாக லாரிகளும் வைத்திருந்த ஒரு பெரிய மனிதரை எல்லோரும் வேப்பூரார் என்றே சொல்வார்கள். அவர் குரலை உயர்த்திப் பேசினால் பயமாக இருக்கும். மெதுவாகப் பேசினால் இன்னும் பயமாக இருக்கும். "அவரு ஒரு தடவ கெணத்தாண்ட வந்து நின்னார்னா போதும் மாப்ளே, தங்கராசு வாயத் தொறப்பானா?" என்றார் மச்சான். வேப்பூரார் சும்மா வந்து நிற்பாரா? அவருடைய மகனுக்கு என் அக்கா மகள் செல்வியைக் கொடுப்பதென்று பேசி வைத்திருந்தார்கள்.

நானும் அதை நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். லாரிக் குடும்பம், பெண் காரில் போவாள், கிணற்றுச் சண்டையும் தீரும். நான் செல்வியின் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சபையில் உட்கார்ந்து தாம்பூலத் தட்டைத் தொட்டுக் கொடுக்காமல் நிச்சயதார்த்தம் நடக்காது. மற்ற நாட்களில் அவனை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்; அந்த ஒரு நாள் மட்டும் அவன் இல்லாமல் ஒரு வெற்றிலை நகராது. அதனால் நான் திரும்பி வந்ததும் நிச்சயம் என்று முடிவு செய்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு ஃபாரின் வாட்ச் வாங்கி வரவேண்டும் என்பது எனக்கு இட்ட உத்தரவு.

ரயில் கிளம்பும்போது செல்வி ஜன்னலோரம் வந்தாள். "எப்ப மாமா வருவீங்க?"

"கவலப்படாத. மூணே மாசம். சீக்கிரமா வந்துடுறேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெக்ஸ்ஃபோர்ட் என்ற துறைமுக ஊரில் போய் இறங்கிய முதல் நாள் மழை பெய்தது. "இன்னிக்குக் கொஞ்சம் ஈரமா இருக்குது" என்று வீட்டுக்கார அம்மாள் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். அதன் பிறகு நான் அங்கே இருந்த நாளெல்லாம் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு வாரம் இப்படிப் பெய்தால் மணிமுத்தாறு தெருவுக்குள் வந்துவிடும். இங்கே ஒருவர்கூடக் குடையை விரிக்கவில்லை.

அங்கே பேசிய ஆங்கிலம் நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அல்ல. பாதி காதில் விழுந்தது, மீதியை யூகித்தேன். யூகித்ததை நம்மூர்ப் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். அவர்களுடைய வேகத்துக்கும் அங்கலாய்ப்புக்கும் அதுதான் பொருந்துகிறது.

வீட்டுக்கார அம்மாள் பெயர் திருமதி ரோச். கணவர் இல்லை, பிள்ளைகள் அமெரிக்காவில். மாடி அறையை வாடகைக்கு விடுவார். ராஜமாணிக்கம் என்ற என் பெயரை முழுதாகச் சொல்ல முயன்று, மூச்சு வாங்கி, ராஜா என்று வெட்டிக்கொண்டார். மறுநாளே, ரோச் அம்மாள் வீட்டு மாடியில் ஒரு இந்திய ராஜா தங்கியிருப்பதாகத் தெருவெல்லாம் பேச்சு. பால்காரர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். நானும் மறுக்கவில்லை, மெதுவாகத் தலையசைத்தேன். இலவசமாகக் கிடைத்த பட்டத்தை எதற்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டும்?

சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு. ஒரே தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு, வறுத்த உருளைக்கிழங்கு மூன்றையும் வைத்து, "வேற என்ன வேணும்?" என்று ரோச் அம்மாள் உண்மையான அக்கறையோடு கேட்டார். அக்கா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய்தான் என்னைக் காப்பாற்றியது. அம்மாள் ஜாடியை மோந்து பார்த்து, "இது மருந்தா?" என்றார். நுனிநாக்கில் வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அடுத்த நாள் உருளைக்கிழங்கோடு தானே கேட்டு வாங்கினார்.

தொழிற்சாலையில் என்னைச் சேர்த்துவிட்டது மர்ஃபி என்ற சூளைக்காரரோடு. ஐம்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். சூளையைப் பற்ற வைக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். நாங்கள் சூடம் கொளுத்துவோம். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. சூளை எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் ஏமாற்றியது. ஒரு நாள் டீக்கோப்பைகள் அத்தனையும் காது தனியாக, கோப்பை தனியாக வந்தன. மர்ஃபி உள்ளே எட்டிப் பார்த்து, "ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பாத்தா நல்லாத்தான் இருக்குது" என்றார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மர்ஃபி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரோச் அம்மாள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும். முதல் ஞாயிறு நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன்.

"அந்தப் படுபாவி மட்டும் அவங்களக் கூப்பிடாம இருந்திருந்தா நமக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" என்றார் அம்மாள்.

"பாவம், அவன் என்ன பண்ணுவான்? வூடு வாசல் எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டு தொரத்திட்டாங்க" என்றார் மர்ஃபி.

"அடுத்தவன் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போனா தொரத்தாம என்ன செய்வாங்க?"

பக்கத்துத் தெரு விவகாரம் என்று நினைத்து, "போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடந்தது எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் என்று மர்ஃபி விளக்கினார். பிறகு கதை முழுவதையும் சொன்னார், போன வாரம் தன் சித்தப்பா வீட்டில் நடந்த மாதிரி.

இந்தப் பகுதிக்கு டெர்மட் என்று ஒரு ராஜா. அயர்லாந்தில் அப்போது ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லை; நம்மூரில் ஏரிக்கு ஒருவர் நாட்டாமை செய்த மாதிரி. எல்லோரும் எல்லோரோடும் மாடு பிடிக்கவும் எல்லை பிடிக்கவும் சண்டை. ஒரு சண்டையில் மற்ற ராஜாக்கள் ஒன்றுசேர்ந்து டெர்மட்டைத் துரத்திவிட்டார்கள். அவர் கடலைத் தாண்டி நார்மன்களிடம் போனார். நார்மன்கள் என்றால், அதற்கு நூறு வருஷம் முன்பு பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குள் புகுந்து, ஒரே சண்டையில் ராஜாவைக் கொன்று, நாட்டையே தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட கூட்டம். நிலத்தைப் பிடித்ததும் முதல் வேலையாகக் கோட்டை கட்டுவார்கள். அப்புறம் எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாடு என்று கணக்கெடுப்பார்கள். நம்மூர்த் தாசில்தார்கள் அந்த வம்சமாகத்தான் இருக்கவேண்டும்.

இங்கிலாந்தின் நார்மன் ராஜா, "நான் வரமாட்டேன், வேண்டுமானால் என் ஆட்களில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ" என்றார். டெர்மட் ஒரு பிரபுவைப் பிடித்தார். பெரிய வம்சம், கையில் வில்லாளிகள், ஆனால் ராஜாவோடு மனஸ்தாபம், போக இடமில்லை. "வந்து என் எதிரிகளை அடக்கிக்கொடு, என் மகளை உனக்குக் கட்டிவைக்கிறேன், எனக்குப் பிறகு ராஜ்யமும் உனக்கே" என்றார். வந்தார்கள், அடக்கினார்கள். அடங்கின ஊரிலேயே கல்யாணமும் நடந்தது. மறு வருஷமே மாமனார் செத்துப்போனார். மருமகன் ரொம்பப் பெரிய ஆளாகிவிட்டானே என்று கவலைப்பட்டு, அவனை அடக்க இங்கிலாந்து ராஜாவே கப்பலில் வந்து இறங்கினார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, எழுநூறு வருஷம் போகவேயில்ல" என்றார் அம்மாள். "வந்தவனுங்க நல்லா இருப்பானுங்களா?"

"ரோச்சுன்றது யாரு பேரு? நார்மன் பேருதானே? அந்தக் கப்பல்ல வந்து எறங்குனதே உங்க ஆளுங்கதான்" என்றார் மர்ஃபி.

"நாங்களா வந்தோம்? உங்க வம்சம் கூப்பிட்டுது, வந்தோம்" என்றார் அம்மாள். டெர்மட்டின் குலமும் மர்ஃபியின் குலமும் ஒரே வேரில் கிளைத்தவை என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. ஆக, கூப்பிட்டவருடைய பங்காளியும் வந்தவர்களுடைய வாரிசும் வாராவாரம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வந்தவர்களைத் திட்டிக்கொண்டே டீ குடித்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கூப்பிட்டு வந்தவன் திரும்பிப் போகமாட்டான் என்கிற சின்ன விஷயம் ஒரு ராஜாவுக்குத் தெரியவில்லையே என்று அவரைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாகவும் நினைத்தேன்.

என் பயிற்சி முடியப்போகிற சமயம், நார்மன்கள் முதலில் வந்து இறங்கிய இடத்தைக் காட்டாமல் என்னை அனுப்பக்கூடாது என்று இருவரும் தீர்மானித்தார்கள். பேனோ என்ற கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். டிரைவர், "எங்க போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மர்ஃபி சொன்னார். அவ்வளவுதான், டிரைவரும் சண்டையில் சேர்ந்துகொண்டார். கூப்பிட்டதில் தப்பில்லை, மகளைக் கொடுத்ததுதான் தப்பு என்பது அவர் கட்சி. கூடையில் கோழி வைத்திருந்த ஒரு அம்மாள், மகளைக் கொடுத்ததுகூடப் பரவாயில்லை, ராஜ்யத்தைக் கொடுத்தானே என்றார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு நடுவர் ஆனார். கடல் வலது பக்கம் வரவேண்டியதற்கு இடது பக்கம் தெரிந்தபோதுதான், திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

நம்மூரில் வேப்பூர் பஸ் இப்படித் திசை மாறிப் போயிருந்தால் டிரைவரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தது டெர்மட்டின் பரம்பரையை. பஸ் தவறிப்போனதில் ஒருவருக்கும் கோபமில்லை. இறங்கவேண்டியிருப்பதால் விவாதம் பாதியில் நிற்கிறதே என்பதுதான் வருத்தம். நாங்கள் மழையில் வயல் வழியாக நடந்தோம்.

பேனோவில் பார்க்க ஒன்றுமில்லை. புல், மணல், கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம். நார்மன்கள் அங்கே கட்டிய ஊரை மணல் மூடிவிட்டதாம். ஊர் போனபிறகும் வெகுகாலம் அது பார்லிமெண்டுக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பிக்கொண்டிருந்ததாம். தேர்தல் நடத்த மிஞ்சியிருந்தது ஒரு புகைபோக்கி. யார் ஜெயிக்கவேண்டும் என்று பக்கத்துப் பிரபு சொல்லிவிடுவார், புகைபோக்கி மறுக்காது. நம்மூரில் செத்துப்போனவர்கள் ஓட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். செங்கல் ஓட்டுப் போட்டதை அங்கேதான் கேள்விப்பட்டேன்.

சுவரோரம் ஒதுங்கி, ரொட்டிக்குள் உருளைக்கிழங்கையும் நார்த்தங்காயையும் வைத்துச் சாப்பிட்டோம். மர்ஃபி கடலைக் காட்டினார். "இங்கதான். கொஞ்சப் பேருதான் வந்தாங்க. கூப்பிட்டவன் என்ன நெனச்சான்? வந்து நிப்பாங்க, எதிரி பயப்படுவான், வேல முடிஞ்சதும் போயிடுவாங்கன்னு."

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "ஆமா, பொண்ணு குடுத்தாரே, அந்தப் பொண்ணோட தாய்மாமன் எப்படி ஒத்துக்கிட்டாரு?"

இருவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். எண்ணூறு வருஷமாக எல்லாக் கேள்வியையும் கேட்டுத் தேய்த்துவிட்ட அந்த ஊரில், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "தாய்மாமனுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் மர்ஃபி. தாய்மாமன் இல்லாமல் எங்கள் ஊரில் நிச்சயம் நடக்காது என்று விளக்கினேன். சில வீடுகளில் தாய்மாமனே பெண்ணைக் கட்டிக்கொள்வதும் உண்டு என்று சேர்த்துச் சொன்னேன். ரோச் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன்.

அப்புறம் அவரே யோசித்து, "இருந்தாரே!" என்றார். "டப்ளின் பேராயரு அவளுக்கு அம்மாகூடப் பொறந்தவருதான். பெரிய மகான். பின்னால புனிதர் பட்டமே குடுத்தாங்க. அவரோட இதயத்த இன்னும் டப்ளின் கோயில்ல இரும்புப் பெட்டியில வச்சிருக்காங்க."

"கல்யாணத்துக்கு வந்தாரா? வேணான்னு சொன்னாரா?"

அவருக்குத் தெரியவில்லை. மர்ஃபிக்கும் தெரியவில்லை. "சரி, அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. டெர்மட் என்ன சொன்னார், பிரபு என்ன சொன்னார், இங்கிலாந்து ராஜா எதில் உட்கார்ந்து என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். "அவளை யாரு கேட்டா?" என்றார் மர்ஃபி, மெதுவாக.

ரொட்டியை அதற்கு மேல் கடிக்க முடியாமல் கீழே வைத்தேன். நார்த்தங்காயை அதிகமாக வைத்துக்கொண்டேன் என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஒரு தடவை கிணற்றண்டை வந்து நின்றால் போதும் என்று மச்சான் சொன்னது காதில் கேட்டது. டெர்மட்டை இளக்காரம் செய்துகொண்டு, வேப்பூரார் மகனுக்கு வாட்ச் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். செல்வியிடம் உனக்குச் சம்மதமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பிறந்த நாளிலிருந்து தோளில் தூக்கித் திரிந்தவன் நான். ரொம்ப வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, எனக்காக அல்ல.

ஆனால் என்ன செய்வது? வேண்டாம் என்று மச்சானுக்கு எழுதுகிற தைரியம் எனக்குக் கிடையாது. எழுதினால் நாளைக்கு அக்கா அந்த வீட்டில் இருக்கவேண்டுமே. என்னைப் போன்ற ஆட்கள் எதிர்த்து நிற்கமாட்டார்கள். அதிகபட்சம், வராமல் இருப்பார்கள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். கோப்பைகளுக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் பூசும் பிரிவிலும் பயிற்சி எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவர் முன்பே கேட்டிருந்தார். குடும்பத்தில் ஒரு சுபகாரியம் என்று நான் மறுத்திருந்தேன். இப்போது, கிளேஸ் தெரியாமல் விருத்தாசலத்துக்குள் காலெடுத்து வைக்கவே முடியாது என்று சொன்னேன். ஊரில் என் கம்பெனியும் ஒத்துக்கொண்டது. "பயிற்சி நீட்டிக்கப்பட்டுள்ளது, என் கையில் ஒன்றுமில்லை" என்று மச்சானுக்கு ஏர்மெயில் அனுப்பினேன்.

மச்சான் தந்தி கொடுத்தார்: உடனே புறப்படவும். அயர்லாந்திலும் தந்தி என்றால் சாவுச் செய்திதான். ரோச் அம்மாள் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, டீயில் நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுத்த பிறகுதான் பிரிக்கவிட்டார். யாரும் சாகவில்லை, கல்யாணம் என்றேன். "சில நேரம் ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போனார்.

கிளேஸ் பயிற்சியை முழுதாக முடித்துக்கொண்டு, சில மாதம் கழித்துத்தான் நான் கிளம்பினேன். விமானத்தில் வரும் வழியெல்லாம் சபையில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் மச்சான் முறைக்க, நான் தட்டை எடுத்துக் கொடுப்பதாகத்தான் முடிந்தது. விருத்தாசலத்தில் என்னை அழைக்க ஒருவரும் வரவில்லை. அன்றைக்கே நல்லூர் பஸ்ஸைப் பிடித்தேன். மச்சானுடைய ரோட்டோரத்து நிலம் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நிலம் இருக்கவேண்டிய இடத்தில் லாரிகள் நின்றன. தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் முள்வேலி அடித்திருந்தார்கள். கிணற்று மேட்டில் ஒரு ஆள் லாரி டயரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஊர் டீக்கடையில் அதைவிடப் பெரிய அதிசயம். மச்சானும் தங்கராசுவும் ஒரே பெஞ்சில், தோளோடு தோள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மச்சான் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா? இப்ப எதுக்கு வந்த?" என்றார்.

நடந்ததைத் தங்கராசுதான் சொன்னார். நிச்சயம் தள்ளிப்போனதும் வேப்பூரார் ஒருநாள் வந்து, எப்படியும் சம்பந்தி ஆகப்போகிறோம், லாரி இரண்டை இங்கே நிறுத்திக்கொள்கிறேன் என்றிருக்கிறார். தங்கராசுவை மிரட்ட வசதியாகப் போயிற்று என்று மச்சானும் தலையாட்டியிருக்கிறார். இரண்டு லாரி நாலாயிற்று. காவலுக்கு ஒரு ஆள், அவனுக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு வேலி. இருவருக்கும் தண்ணீர் நின்றது. கேட்கப்போன தங்கராசுவின் சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள். அப்புறம் கேட்கப்போன மச்சானுக்கு, சட்டையைக் கிழிக்காமல், லாரி இனி இங்கேதான் நிற்கும் என்று பதில் மட்டும் சொன்னார்கள். நிலம் கைக்கு வந்தபிறகு சம்பந்தம் எதற்கு? வேப்பூரார் மகனுக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரி வீட்டில் பெண் பார்த்து, கல்யாணமே முடிந்துவிட்டது.

"எல்லாம் உன்னாலதான்" என்றார் மச்சான். "நீ அப்பவே வந்து தட்டு மாத்தியிருந்தா அவரு எனக்கு சம்பந்தி. சம்பந்தி நெலத்துல கைய வப்பாரா?"

வைப்பார் என்று சொல்ல எனக்கு ஒரு முழு நாட்டின் கதையே தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கராசு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணும் கவலயில்லீங்க" என்றார். "நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு யோசன பண்ணியிருக்கோம். கடலூர்ல ஒரு பெரிய புள்ளி இருக்காரு. வேப்பூராரே அவரக் கண்டா துண்ட எடுத்து இடுப்புல கட்டுவாரு. அவரக் கூட்டியாந்து ஒரு தடவ நிறுத்திட்டா போதும்." மச்சான் ஆமாம் என்று தலையாட்டினார். பல வருஷத்துக்குப் பிறகு பங்காளிகள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இந்தத் தடவை டெர்மட்டின் கதையை முழுசாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். "அந்தாளு கூப்பிட்ட ஆளு சரியில்ல" என்றார் மச்சான்.

வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்து அழுதாள், நிலத்துக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. செல்வி டீ கொண்டு வந்து வைத்தாள். விருத்தாசலத்துக்குப் போய் டைப்ரைட்டிங் படிக்கிறாளாம். பெட்டியைத் திறந்ததும் வாட்ச்தான் முதலில் கண்ணில் பட்டது. "இது மாப்பிள்ளைக்கு வாங்கினது" என்றேன். அவள் கையை நீட்டினாள். கட்டிவிட்டேன். ஆம்பளை வாட்ச், வளையல் மாதிரி முழங்கை வரைக்கும் ஓடியது.

"அன்னிக்கு ரயிலாண்ட எப்ப வருவீங்கன்னு கேட்டேனே மாமா, ஞாபகம் இருக்குதா? சீக்கிரமா வந்துடுறேன்னு சொன்னீங்க. வூட்டுக்கு வர்ற வரைக்கும் அழுதுகினேதான் வந்தேன். வரமாட்டேன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அந்த ராஜா மகள் கதையை அவளுக்கும் சொன்னேன். அவளைக் கட்டிக்கொடுத்ததையும், நாடு போனதையும், அவள் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் தெரியாததையும் சொன்னேன்.

"அவளுக்குத் தாய்மாமன் இல்லியா?" என்றாள் செல்வி.

"இருந்தாரு. பெரிய மகான். பிஷப்பு."

"கல்யாணம் நடக்கறப்ப எங்க இருந்தாரு?"

"நாட்டுலதான் இருந்தாரு."

செல்வி வாட்சை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, காலி டம்ளரை எடுத்தாள்.

"அவரயும் எங்கனா சூள பாக்க அனுப்பியிருக்கணும் மாமா" என்றாள்.